உடலெடையும் உள்ளச் சார்பும்

ஒரு நற்செயலைத் தொடங்குதற்கு உணர்ச்சி இன்றியமையாதது. நாணமாதல் அச்சமாதல் அன்பாதல் உள்ளத்தைத் தூண்டாதவழி, எவரும் பழைய வழக்கத்தைக் கைவிட்டெழுதல் அரிது. ஆயினும், தொடங்குதற்குக் கருவியாகிய அவ்வுணர்ச்சியே அச்செயலை இறுதிகாறும் தாங்கவும் வல்லதோ என்பது ஆராயற்பாலது. தொலைக்காட்சியில் நிகழும் உடலெடை குறைக்கும் போட்டிகள் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற சான்றாவன.

அமெரிக்க நாட்டில் 2004-ஆம் ஆண்டு 'தி பிக்கஸ்ட் லூசர்' என்னும் இத்தகைய போட்டி தொடங்கப்பெற்றது. அதனைத் தழுவி 2007-இல் சகாரா ஒன் தொலைக்காட்சியில் இந்தி மொழியிலும் ஒன்று நடத்தப்பட்டது. அமெரிக்கப் போட்டியிற் சேர்ந்த பருத்த உடலினர் வீட்டாரைப் பிரிந்து ஓரிடத்தே தங்கி, உணவைச் சுருக்கி, நாடோறும் பல மணிநேரம் கடும்பயிற்சி செய்தனர். எடைக்கருவியின்மேல் நிறுத்தி ஒவ்வொருவர் எடையும் பலரறியக் காட்டப்பட்டது. போதிய அளவு குறையாதார் விலக்கப்படும் நிலையை எய்தினர். பயிற்றுவோர் அதட்டுவர், பயில்வோர் தம் மக்களை நினைந்து கண்ணீருகுப்பர், காண்போரும் உடனழுவர். நாணமும் கண்ணீரும் பரிசின்மேலுள்ள ஆசையுமே ஆண்டு ஊக்கத்திற்கு முதலாக வைக்கப்பட்டன.

அற்றேல், உணர்ச்சி எவ்வாற்றான் எழுப்பப்படினும், உடல் நலம்பெறுமாயின் குற்றமென்னை எனின், பயன் நிலைபெறாமையே குற்றமென்க. 2009-ஆம் ஆண்டுப் போட்டியிற் கலந்தோருள் 14 பேரை ஆறாண்டு கழித்துக் கெவின் ஹால் என்னும் அறிஞரும் அவருடன் சேர்ந்தோரும் ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். 30 வாரத்தில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைந்திருந்தனர்; ஆறாண்டில் அதனுள் 41 கிலோ திரும்ப ஏறிற்று. இது சோம்பலின் விளைவென இகழ்தல் பொருந்தாது. என்னை? ஓய்ந்திருக்கும்பொழுது உடல் செலவிடும் ஆற்றல், அவ்வுடலின் அளவிற்கு எதிர்பார்க்கப்படுவதினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்து நின்றது. கொழுப்பின் இருப்பை மூளைக்கு அறிவித்துப் பசியைத் தணிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்பும் பழைய அளவிற்கு மீளவில்லை. அரங்கின் விளக்கு அணைந்தது, கைதட்டல் ஓய்ந்தது, உடலோ தன் இயற்கையை மறந்திலது.

உடலின் காரணம் அதுவாக, உள்ளத்தின் காரணத்தைச் சித்தாந்தம் காட்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. பிறர் பார்வையைச் சார்ந்தெழுந்த ஊக்கம் அப்பார்வை நீங்கத் தானும் நீங்கும். 'யான் வென்றேன்' என்னும் செருக்கும், 'யான் இழிந்தேன்' என்னும் நாணமும் ஆணவத்தின் இரு முகங்களே.

திருப்பூருக்கும் பல்லடத்திற்கும் இடையிலுள்ள அருள்புரத்துப் பக்கங்களில் நிகழும் சாயத்தொழில் இதற்கோர் உவமை தரும். பின்னலாடைத் துணி சாயநீரில் அமிழ்ந்தவுடனே நிறங்கொண்டதுபோலத் தோன்றும். ஆயினும் உப்பும் காரமும் சேர்ந்து, வேண்டும் வெம்மையில் வேண்டும் நேரம் நின்றாலன்றிச் சாயம் பருத்தியிழையோடு பிணிப்புறாது. பிணிப்புறாத சாயம் அலசும் நீரிற் கழிந்துபோம். உணர்ச்சி சாயம் போல்வது. நாடோறும் வழுவாத நியமம் அவ்வுப்பும் காரமும் போல்வது. அப்பதினால்வரையே குறித்து 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியும், குறைந்த எடையைக் காத்துக்கொண்டோர் உடலுழைப்பை ஏனையோரினும் மிகுதியாகத் தொடர்ந்தவர் என்றே காட்டிற்று.

இதனால் உணர்ச்சியே வேண்டாவென்பது கருத்தன்று. மருணீக்கியாரைத் திலகவதியார்பாற் கொணர்ந்தது சூலைநோயின் துன்பமே. இறைவன் திருவருளால் அந்நோய் தீர்ந்தது. தீர்ந்த பின்னும் அவர் தொண்டு தீர்ந்திலது. திருநாவுக்கரசராகிய அப்பெருமானார் திருக்கையில் உழவாரம் முதுமைகாறும் இருந்தது. தொடக்கம் துன்பத்தைச் சார்ந்தது. தொடர்ச்சியோ அன்பைச் சார்ந்தது.

உடம்பு மலநீக்கத்தின்பொருட்டு இறைவன் உதவிய கருவி. அதனை இழிவென்றெண்ணிய கருத்தை விடுத்து, இறைவன் உறையும் கோயிலெனக் கண்டு பேணினார் திருமூலர். அக்கருவியைப் பேணாது விடுவோனும், பகையென வெகுண்டு ஒறுப்போனும் ஒப்பப் பிழைசெய்வோரே. பகலெல்லாம் பனியன் கம்பெனியில் உழைத்து இரவில் இல்லம் மீண்டு அத்தகைய காட்சியைக் காணும் ஒருத்தி, திரையில் அழுவாரை நோக்கித் தன்னுடம்பை வெறுத்தல் வேண்டா. பசியறிந்து அளவாக உண்டலும், இயன்ற நடையும், இகழாத சுற்றத்தின் துணையுமே அவளுக்கு மெய்யான சார்பாவன.

மெலிந்து மீண்டும் பருத்தாரைக் கண்டு நகுதல் சிவநேயர்க்குத் தகாது. நகுவோர் அவரை அவ்வெடைக்கருவியின்மேலேயே மீட்டும் நிறுத்துகின்றனர். உடன்நடப்போரோ அவர்க்கு நற்சார்பாகின்றனர். இவ்விரண்டனுள் எது அன்புநெறி என்பதை அறிந்து, அன்பர்கள் கடைப்பிடிப்பாராக.