காவல் காக்கும் கண்

நந்தனத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பேராசிரியர் ஒருவர், தினமும் கல்லூரிக்குப் புறப்படுகையில் கைக்குட்டையின் ஒரு மூலையை நனைத்து எடுத்துக்கொண்டு போகிறார். வாசலில் இருக்கும் ரேகை இயந்திரம் அவர் விரலை லேசில் ஏற்பதில்லை. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த விரல், தேய்ந்துவிட்டது போலும். துடைத்துத் துடைத்து அழுத்தி, அது ஒருவழியாக ஒப்புக்கொள்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. கணக்கில் அவர் தாமதமாக வந்தவர்.

"அவமானமாக இருக்கிறதா, சார்?" என்று கேட்டேன்.

"சந்தேகப்படட்டும், தப்பில்லை. அதனோடு வாதாட முடியவில்லையே, அதுதான்" என்றார்.

அந்தப் பதில் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

2020 மார்ச்சில் கொள்ளை நோய்க்கு அஞ்சிக் கல்லூரிகளைப் பூட்டினார்கள். வகுப்பு கைப்பேசிக்குள் புகுந்தது. பின்னாலேயே பரீட்சையும் புகுந்தது. பக்கத்துக் கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகம், 2021 தொடக்கத்தில் மாணவர்களை வீட்டிலிருந்தே தேர்வு எழுதச் செய்தது. மேற்பார்வை செயற்கை நுண்ணறிவிடம். முடிவு வந்தபோது ஏராளமானோர் தேறவில்லை. பலருடைய முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. இயந்திரம் தங்களைத் தவறாகக் குற்றம் சாட்டிவிட்டதாக மாணவர்கள் முறையிட்டார்கள். அந்த மே மாதம் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார்.

தலையைத் திருப்பினால் குற்றக்குறி. பின்னால் ஓர் உருவம் நடந்தால் குற்றக்குறி. சைதாப்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில் ஒரு பையன் பரீட்சை எழுதினால், அவன் தாய் அடுப்பங்கரைக்கு எந்த வழியாகப் போவாள்? விட்டத்தைப் பார்க்கிறவன் யோசிக்கிறானா, திருடுகிறானா என்பது பேராசிரியருக்குத் தெரியும். கண்ணாடிச் சில்லுக்கு எப்படித் தெரியும்?

இப்படி எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன். ரசிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்கும் தெரியாதய்யா. ஒருமுறை நிரபராதி ஒருவனைப் பரீட்சைக் கூடத்திலிருந்து எழுப்பி அனுப்பினேன். அவன் சட்டையையும் பேச்சையும் பார்த்தே முடிவு கட்டிவிட்டேன். இயந்திரம் சட்டையைப் பார்ப்பதில்லை. என் மாணவன் ஒருவனே, 'அது என் ஊர் எது என்று கேட்பதில்லை சார், அதனால் அதுவே தேவலை' என்றான்."

நான் பேனாவை மூடினேன். மனிதக் கண் நியாயமானது என்று எந்த வாயால் சொல்வது? ஆனாலும் ஒன்று கேட்டேன்: "அந்த நிரபராதி என்ன ஆனான்?"

"மறுநாள் விடியற்காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினான். திட்டினான். அழுதான். நான் பிரின்ஸிபாலிடம் போய் என் தவற்றை எழுதிக் கொடுத்தேன்."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. அண்ணா சாலையில் வண்டிகள் இரைந்துகொண்டிருந்தன.

"அந்த இயந்திரத்துக்கு வீடு எங்கே இருக்கிறது என்று விசாரித்தீர்களா, சார்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, கைக்குட்டையை நனைக்க எழுந்து போனார்.