தழும்பும் தீர்ப்பும்

மனிதன் பட்ட துன்பத்தை அவன்மேலேயே குற்றமாகச் சாட்டலாமா? விஞ்ஞானத்தின் புதிய வெற்றியொன்று இப்பழைய வினாவை நம்முன் மீண்டும் வைத்துள்ளது.

டி.என்.ஏ. என்னும் பரம்பரை ஏட்டின் எழுத்துக்கள் பிறப்போடு வருவன. அவற்றின்மேல் ஒட்டும் மெதைல் குறிகளோ வாழ்வோடு மாறுவன. ஏட்டின் எப்பகுதி செயற்படும், எப்பகுதி அடங்கியிருக்கும் என்பதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. பைசல்பைற்று என்னும் இரசாயனத்தைச் சேர்த்தால் குறியற்ற சைற்றோசின் யூராசிலாக மாறும். குறியுள்ளது மாறாது நிற்கும். பின்னர் எழுத்து வரிசையை வாசிக்கையில் குறிகளின் இடம் புலப்படும்.

குறிகளை ஆராயும் இவ்வறிவு உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் வந்துவிட்டது. எடுத்த சிறுநீரகம் இரத்தவோட்டமின்றிக் குளிரிற் கிடக்கும்போது, ஒட்சிசன் பற்றாமையால், குறிகளை அகற்றும் நொதியங்கள் தளர்கின்றன, குறிகள் பெருகுகின்றன. அப்பெருக்கம் பின்னாளில் உறுப்பிலே தோன்றும் வடுக்களை முன்னறிவிக்கின்றது. 2018இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. அவ்வுறுப்பை விரைந்து பொருத்தவும் நன்கு பேணவும் இது நமக்கு வழிகாட்டும்.

ஆனால் பசியும் குறி இடுகின்றது. 1944-45 குளிர்காலத்தில், நாஜிகளின் பிடியிலிருந்த ஒல்லாந்தைப் பஞ்சம் வாட்டியது. அன்று கருவிலிருந்தோரின் டி.என்.ஏ.யில், அறுபது ஆண்டுகளின் பின்னரும், மெதைல் குறிகள் வேறுபட்டிருந்தமை 2008இல் வெளியாயிற்று.

நாளை உறுப்புக்காகக் காத்திருப்போரை இத்தகைய குறிகளைக் கொண்டு தரம் பிரிக்க முற்பட்டால் என்னாகும்? "இவ்வுடலில் உறுப்பு நெடுநாள் நிலைக்காது, வேறொருவருக்குக் கொடுப்போம்" என்பர். உறுப்புக்கள் அரியன; ஒன்றும் வீணாகலாகாது என்னும் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஒருவனைப் பட்டினி போட்ட சமுதாயம், அப்பட்டினியின் தழும்பையே காட்டி அவனுக்குச் சிகிச்சையையும் மறுக்குமாயின், அது ஒரே அநீதியை இருமுறை இழைப்பதாகும்.

நாம் வீணே அஞ்சவில்லை. ஐக்கிய அமெரிக்காவில், கறுப்பின மக்களின் சிறுநீரகச் செயற்றிறனை உயர்த்திக் கணக்கிட்ட சூத்திரம் ஒன்று, காத்திருப்புப் பட்டியலில் அவர்களைப் பிந்தச் செய்தது. 2022இலேயே உறுப்பு மாற்றுத் துறையில் அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. 2023 முதல் அவர்கள் இழந்த காத்திருப்புக் காலம் திருப்பிக் கணக்கிடப்பட்டது.

எண்ணிலே வந்தமையால் அநீதி விஞ்ஞானமாகிவிடாது. கலத்திலுள்ள தழும்பை வாசிக்கும் கருவி நமக்குக் கிடைத்துவிட்டது. அதை இட்டது யார் எனக் கேட்கும் துணிவும் நமக்கு வேண்டும். அத்துணிவு உள்ள இடத்திலேதான் அக்கருவி நோயாளியின் பக்கம் நிற்கும்.