போகமும் யாத்திரையும்

நெடும் பயணத்துக்குப் பெயர்பெற்ற ஹோண்டாவின் கோல்டுவிங் மோட்டார் சைக்கிள், 1975-இல் நான்கு சிலிண்டரோடு பிறந்து, பின்னர் ஆறாகப் பெருகி, இன்று 1833 சி.சி. எஞ்சினும், பின்னோக்கி நகரும் வசதியும், சங்கீதமும், சில மாடல்களில் காற்றுப்பையுங்கூடத் தாங்கி நிற்பதைக் காணுங்கால், போகம் பெருகப் பெருக அநுபவமும் பெருகுமா என்ற பழைய கேள்வி புது உருவில் எழுகின்றது.

முதுகும், பின்னால் அமர்ந்த மனைவியும் முறையிடாத பயணத்திலேதான் மலையையும் வானத்தையும் மனமொன்றிப் பார்க்க முடிகிறது என்பர் ஒரு சாரார். மழையும் காற்றும் மேனியில் படாத சவாரி ஒரு சவாரியா என்று நகைப்பர் மற்றொரு சாரார். 1968-இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்ஸிக் மகனை ஏற்றிக்கொண்டு மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்றது 305 சி.சி. வண்டியில்தான், அவருடைய தத்துவ விசாரத்துக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

ஆயினும், சிறு வண்டிக்காரர் ஞானியென்றும் பெரு வண்டிக்காரர் போகியென்றும் தீர்ப்பளிப்பது அவசரமாகும். கோவணத்தின்மேல் வைத்த பற்றும் பற்றேயன்றோ? ஜனகர் அரியணையைத் துறக்காமலே ஞானியெனப் போற்றப்பட்டார். கீறல் விழுந்துவிடுமோ என்றஞ்சி, கொட்டகையிலேயே வண்டியை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர் அதை விற்றுவிடுவது நல்லது.