பீரோ வரைக்கும் வரும் விருந்தாளி

எரிகோவின் ஆயக்காரர் தலைவன் சகேயு, இயேசுவை வீட்டுக்கு அழைக்கவே இல்லை. காட்டத்தி மரத்தில் ஏறி ஒருமுறை பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தான். ‘உன் வீட்டில் தங்க வேண்டும்’ என்று தாமாகவே கேட்டவர் இயேசு (லூக்கா 19:1-10).

அந்த வீட்டில் என்ன பரிமாறினார்கள், ஜெபம் நடந்ததா என்றெல்லாம் லூக்கா எழுதவில்லை. எழுதியது பணக் கணக்கு. சொத்தில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்பும். மோசம்பண்ணி எடுத்ததை ஒப்புக்கொண்டு திருப்புகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பதே லேவியராகமத்தின் கட்டளை (6:5). சகேயு அதையும் தாண்டிப் போகிறான். சொத்து பாதியாகக் குறைந்ததைக் கேட்ட அவன் வீட்டார் என்ன நினைத்தார்களோ!

நாம் புது வீட்டுக்குப் போதகரை அழைத்துப் பிரதிஷ்டை செய்கிறோம், கூடத்தில் வசனம் மாட்டுகிறோம், இரவில் குடும்ப ஜெபத்துக்கு உட்காருகிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் விருந்தாளியைக் கூடத்தோடு நிறுத்திவிடுகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தம்பிக்குப் பிரித்துக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் நிலப் பத்திரம், மருமகள் போட்டுவந்த நகையைப் பற்றிய குத்தல் பேச்சு, வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு நிற்கும் சம்பளப் பாக்கி, இவையெல்லாம் உள் அறையில் இருக்கின்றன. நிலப் பத்திரத்துக்குக் கொஞ்ச நாள் ஆகலாம். சம்பளப் பாக்கியை இன்று மாலையே, ஜெபத்துக்கு உட்காரும் முன் கொடுத்துவிடலாம்.