கைபட்ட காசு

பிறந்தநாளுக்குக் குழந்தைக்கு நாம் கொடுக்கும் பொருள் உண்மையில் யாருக்குப் போய்ச் சேருகிறது? தஞ்சாவூரில் இருக்கும் தங்கையின் மகளுக்குப் பத்து வயது நிறையப் போகிறது என்றதும் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தாய்மாமன் முறைக்கு ஏதாவது செய்தாக வேண்டும். பாவாடை சட்டையும் சைக்கிளும் மற்றவர்கள் வாங்கிவிடுவார்கள். ஒரு நாணயம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். “காசுன்னா ஒரு கிராம் தங்கக் காசா வாங்கிருங்கண்ணே. நாளைக்கு அவ கல்யாணத்துக்கு ஆகும்” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. நம் வீடுகளில் தங்கம் பெண்ணுக்குப் பாதுகாப்பு. காசுமாலையிலிருந்து காசு காசாகக் கழன்று போய்ப் பிள்ளைகள் படித்து முன்னேறிய குடும்பங்களை நான் அறிவேன். அந்தத் தங்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அது சேமிப்பு. குழந்தை அதைப் பார்ப்பது கேக் வெட்டுகிற நேரத்தில் மட்டும்தான். அன்று இரவே டப்பாவோடு பீரோவுக்குள் போகும். பிறகு வங்கி லாக்கருக்கு. மாமா கொடுத்த காசில் என்ன உருவம் இருந்தது என்று சில வருஷம் கழித்துக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பரிசு என்றால் அது வாங்குகிறவரின் கைக்கு வர வேண்டும். எடுக்க, வைக்க, தோழிக்குக் காட்ட, தொலைக்கவும்கூட அவருக்கு உரிமை இருக்க வேண்டும். குழந்தை என்பதற்காக அந்த உரிமையை நாம் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

நாணயம் சேகரிப்பவர்களிடம் கேட்டால் அரசாங்கம் வெளியிடும் நினைவு நாணயங்களைச் சொல்வார்கள். நேரு மறைந்த 1964இல் தொடங்கிய வழக்கம் அது. நமக்கு நெருக்கமானவை அதில் நிறைய உண்டு. 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவத்தோடு நாணயம் வந்தது. காமராஜர் நூற்றாண்டுக்கு வந்தது. அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. பெட்டிக்கடைச் சில்லறையில் அது கைக்கு வந்த நாளின் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் ஐந்து ரூபாய் நாணயமும், இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயமும் வந்தன. தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன என்று தோன்றும்.

ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் யார் மடியிலும் இருந்ததில்லை. வெள்ளி கலந்து, சேகரிப்பவர்களுக்கென்றே அடித்து, பெட்டியில் வைத்து விற்றது. இப்படிப்பட்ட நாணயங்களில் கண்ணாடிபோல் பளபளக்கும் ரகம் ஒன்று உண்டு. அதில் விரல் பட்டால் ரேகை அப்படியே படிந்துவிடும், எளிதில் போகாது. ஆகவே கொடுக்கும்போதே “தொடாதே” என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வளர்ந்த சேகரிப்பாளருக்கு அது சரி. பத்து வயதுக் கைக்கு அது தண்டனை.

அவள் பிறந்த ஆண்டு பொறித்த நாணயங்களைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். செலவே இல்லாத வேலை. ஆண்டு எண்ணுக்கு அடியில் உற்றுப் பார்த்தால் எந்த ஊரில் அடித்தது என்று தெரியும்: வைர வடிவக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. மளிகைக் கடை மீதிச் சில்லறையை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை மணிக்கணக்கில் இதில் மூழ்கலாம். எந்த வீட்டுக் குழந்தைக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள் என்பேன். பிறந்தநாளுக்கு மட்டும் எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. அன்றைக்கு எல்லாமே அவளைச் சுற்றித்தான் நடக்கிறது. கேக்கில் அவள் பெயர், சுவரில் அவள் படம், பாட்டு அவளுக்கு. அதில் பிறந்த ஆண்டு நாணயமும் சேர்ந்து இன்னொரு முறை ‘நீ, நீ’ என்று சொல்வானேன்? அவள் வருவதற்கு முன்பும் இங்கே மனிதர்கள் கடைக்குப் போனார்கள், கடன் வாங்கினார்கள், பயந்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள் என்று சொல்லும் பொருள் ஒன்றை அவள் கையில் வைக்க ஆசைப்பட்டேன். அது குழந்தையைச் சிறுமைப்படுத்தாது. நீண்ட வரிசையில் தனக்கும் ஓர் இடம் இருப்பதைப் பத்து வயதில் உணரத் தொடங்கினால் அவளுக்கு நல்லது.

பழைய காசுக்காகச் சென்னை தங்கசாலைப் பக்கம் போனேன். 19ஆம் நூற்றாண்டில் அங்கே நாணயச்சாலை இருந்தது. தெருவுக்குப் பெயர் வந்தது அதனால்தான். வியாபாரி முதலில் எடுத்துக் காட்டியது ராஜராஜன் காலத்துச் செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இலங்கையில் பொலன்னறுவை அரசர்கள்கூடப் பிறகு இதே அமைப்பில் காசு அடித்தார்கள். பெரிய கோயிலைத் தினமும் பார்க்கிற பிள்ளை. அதைக் கட்டியவன் காசு. கை நீண்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

“இது எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டேன். அவருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அங்கேயே என் மனம் நின்றுவிட்டது. மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. ஆற்று மணலில் சலித்து எடுக்கும் காசுகள் பலவும் அந்த வழியில் வருவதில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணல் சங்ககாலக் காசுகளையும் ரோமானியக் காசுகளையும் தந்திருக்கிறது. காசு படிக்கத் தெரிந்தவர் கைக்குப் போனால் வரலாறாகும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கையில் அப்படி ஒரு செப்புக் காசு வந்ததால்தான், தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று பாண்டியன் பெயர் பொறித்த நாணயம் உலகுக்குத் தெரிந்தது. எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் பாதிச் செய்தி போய்விடும். என் மருமகள் எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை. அவள் “எங்கேருந்து வந்துச்சு மாமா?” என்று கேட்டால் எனக்கு நேரான பதில் வேண்டும். சோழர் காசை அவளுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்டிக்கொள்ளலாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பக்கத்தில் ராமர் பட்டாபிஷேகம் பொறித்து ‘1818’ என்று போட்ட, கிழக்கிந்தியக் கம்பெனி பெயர் கொண்ட காசுகளும் கிடந்தன. இவற்றைக் கம்பெனி வெளியிடவே இல்லை. கோயில் வாசல்களில் விற்கும் வில்லைகள்தாம். பூஜை அறையில் வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை. பழைய நாணயம் என்று நம்பி யாரும் பணம் கொடுத்துவிடக் கூடாது.

நான் வாங்கியது ஓட்டைக் காலணா. ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகவில்லை.

இரண்டாம் உலகப் போரில் தாமிரம் தோட்டாவுக்கும் குண்டுக்கும் தேவைப்பட்டது. நாட்டில் சில்லறைக்கும் தட்டுப்பாடு. அதற்கு முந்தைய காலணா ஐந்து கிராமுக்குச் சற்றே குறைவு. 1943இலிருந்து அடித்த காலணாவில் நடுவில் பெரிய ஓட்டை. எடை ஏறக்குறைய இரண்டு கிராம். வெள்ளி ரூபாய் அதற்கு முன்பே, 1940இல், பாதி வெள்ளியாகிவிட்டது. அரசர் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்ததால் இந்தக் காலணாவில் ஆறாம் ஜார்ஜுக்கு முகம் கிடையாது. மேலே ஒரு கிரீடம் மட்டும். நாலு சேர்ந்தால் ஓரணா, அறுபத்துநாலு சேர்ந்தால் ஒரு ரூபாய். 1947 வரை அடித்தார்கள். பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் இதைக் கோத்துக் கட்டியதாகப் பாட்டி சொல்வார்.

அந்தப் பாட்டி, என் அம்மாவின் அம்மா, சென்னையில் வளர்ந்தவர். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டபோது, சென்னையைக் காலி செய்துகொண்டு போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கும்பகோணத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்த கதையைச் சாகும்வரை சொன்னார். அப்போது அவருக்கும் ஏறத்தாழ இந்தப் பிள்ளையின் வயதுதான். திரும்பி வந்த பிறகு காலணாவுக்குக் கடலை மிட்டாய் வாங்கியது இந்த ஓட்டைக் காசில்தான். இதே காசு என்று சொல்ல மாட்டேன்; இதைப் போன்ற ஒன்று.

வியாபாரியின் தட்டில் பல ஆண்டுகள் இருந்தன. நான் 1943ஐ எடுத்தேன். வங்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் பஞ்சத்தில் மடிந்த ஆண்டு அது. அவர்களில் பலர் முடிச்சிலும் இந்தக் காசு இருந்திருக்கும். அரிசி விற்ற விலைதான் எட்டவில்லை. பிறந்தநாள் அன்று அதைச் சொல்லவில்லை. கொள்ளுப்பாட்டி ஊரைவிட்டு ஓடிய கதையைச் சொன்னேன். என்றாவது பாடப் புத்தகத்தில் அந்த ஆண்டைப் படிக்கும்போது, அந்த ஆண்டின் ஒரு துண்டு தன்னிடம் இருப்பது அவளுக்கு நினைவு வரும். அது போதும்.

அவள் முதலில் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு, “இத வெச்சு இப்ப என்ன வாங்கலாம் மாமா?” என்றாள்.

“ஒண்ணும் வாங்க முடியாதும்மா.”

“அப்ப இது காசே இல்லையா?”

1957 ஏப்ரல் 1இல் அணாக் கணக்கை மாற்றி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று கொண்டுவந்ததைச் சொன்னேன். அவள் அம்மா மிட்டாய் வாங்கிய நாலணா, அதாவது இருபத்தைந்து பைசா, 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போனதையும் சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் காசு, காசு என்றேன். “எல்லாரும் மறுபடி ஒத்துக்கிட்டா இதுவும் காசாயிருமா?” என்று கேட்டாள். பெரிய பொருளாதாரக் கேள்வி அது. இரண்டு கிராம் வெண்கலம் அதைப் பத்து வயதுப் பெண்ணிடம் கிளப்பிவிட்டது. தங்கக் காசு கிளப்பியிருக்காது, ஏனென்றால் அதன் விலையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

“கறுத்துக் கெடக்கேண்ணே, புளி போட்டுத் தேச்சுத் தரவா?” என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்று தடுத்தேன். அந்தப் பழுப்புப் படலம் காசின் வயது. புளியோ எலுமிச்சையோ பவுடரோ போட்டுத் தேய்த்தால் எழுத்தும் மழுங்கும், சேகரிப்பவர்களிடம் மதிப்பும் போகும். தூசி இருந்தால் தண்ணீரில் அலசி, மெத்தென்ற துணியில் ஒற்றி வைத்தால் போதும். மற்றபடி பிள்ளையின் இஷ்டம். சிவப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நாணயம் தெரிந்தவர்கள் பதறுவார்கள், எனக்குச் சந்தோஷம்.

“தொலைச்சிட்டா?” என்றாள் தங்கை. தொலைந்தால் தொலையட்டும், திட்டாதே என்றேன். குழந்தைக்குக் காசு தேர்ந்தெடுக்கும்போது நான் வைத்த அளவுகோல் இதுதான்: தொலைந்தால் வீட்டில் யாரும் கைநீட்டாத விலையில் அது இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாரோ, பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாம் என்று சொல்லிக் குழந்தையைக் கலக்கியிருந்தார்கள். அப்படி விளம்பரம் செய்து முன்பணம் பறிக்கும் கூட்டத்தை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. அதையும் அவளிடம் சொன்னேன். லட்சம் கிடைக்காது என்று கேட்டதும் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அப்படியானால் அம்மா இதை விற்கச் சொல்ல மாட்டாள் என்று நிம்மதியானாள்.

பழைய வீடு எதிலும் அரிசிப்பானைக்குப் பின்னாலோ பரண்மேல் தகரப் பெட்டியிலோ இப்படிச் சில காசுகள் கிடக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அடுத்து எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வருகிறதோ, அதன் கையில் ஒன்றை வைத்து, அது யாருடைய காசு என்று சொல்லுங்கள்.