பதிவு இருக்கிறதே, வகுப்பு எதற்கு?



2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது பல்கலைக்கழகங்கள் பாடங்களை வீடியோவில் பதிவு செய்து மாணவர்களுக்குக் கொடுத்தன. ஊரடங்கு முடிந்த பிறகும் பல இடங்களில் அந்த வழக்கம் நிற்கவில்லை. இன்று பிள்ளைகள் கேட்கிறார்கள்: "பாடம்தான் பதிவாகி இருக்கிறதே, வகுப்புக்கு ஏன் போக வேண்டும்?"

இதற்குப் பாதி விடை உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் இருக்கிறது. அவர்களும் அண்டை வீட்டு அன்சாரித் தோழர் ஒருவரும் நபி (ஸல்) அவர்களின் சபைக்கு முறை வைத்துச் சென்றார்கள். ஒருநாள் இவர், மறுநாள் அவர். சென்றவர் அன்று கேட்டதை மற்றவரிடம் வந்து சொல்வார். புகாரியில் இந்தச் செய்தி இருக்கிறது. ஆகவே வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கும், நோயில் படுத்த பிள்ளைக்கும், ஒரு தடவையில் பாடம் பிடிபடாத பிள்ளைக்கும் பதிவு ஒரு நிஃமத். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இருவரும் அன்றன்றைய செய்தியை அன்றன்றே பெற்றுக்கொண்டார்கள்.

மறுபாதி இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம் இருக்கிறது. முவத்தா நூலை இளவயதிலேயே மனனம் செய்தவர்கள். நூல் நெஞ்சில் இருக்கும்போது மதீனாவுக்கு எதற்கு? ஆனாலும் போனார்கள். இமாம் மாலிக் (ரஹ்) முன் அமர்ந்து அதையே ஓதிக் காட்டினார்கள். ஆசிரியர் முன்னால்தான் நம் பிழை திருத்தப்படும். வீடியோ நம் முகத்தைப் பார்த்து, "புரியவில்லையா?" என்று கேட்காது.

"அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் இங்கே ஷைத்தானின் வார்த்தை. பருவம் முழுதும் சேர்ந்த பாடங்களைத் தேர்வுக்கு முந்தைய இரவு இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டால், பார்த்த திருப்தி வரும், கல்வி வராது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்தார்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் சொன்னார்கள். ஆனால் "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்ற நம்பிக்கை, திரும்பத் திரும்பப் படித்தவர்களிடமே கூடுதலாக இருந்தது!

இன்னொன்றும் யோசியுங்கள். வகுப்பில் நீங்கள் கேட்கும் ஒரு சந்தேகம், கேட்கக் கூச்சப்பட்டு அருகில் உட்கார்ந்திருப்பவருக்கும் விளக்கமாகிறது. நீங்கள் வராவிட்டால் அவருக்கும் நஷ்டம்.

இளைஞர்களே! வர முடியாததும் வர மனமில்லாததும் ஒன்றல்ல. இந்த வாரம் நீங்கள் தவறவிட்ட வகுப்பு எந்த வகை என்று உங்கள் உள்ளத்திடம் கேளுங்கள். வகுப்புக்குப் போங்கள், புரியாத இடத்தைப் பதிவில் மறுபடி கேளுங்கள், பிறகு அதை மூடிவைத்துவிட்டு, கற்றதை ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.