நோய் கண்ட மரத்தை மறைக்காதீர்கள்

கானா நாட்டில் நோய் பார்க்கப் போகிறவர் கோக்கோ மரத்தில் முதலில் தேடுவது தளிரைத்தான். இளம் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பின் இரு கரையிலும் சிவப்பு ஓடியிருக்கும். இலை முற்றிவிட்டால் அந்தச் சிவப்பு போய்விடும்; நரம்போரத்தில் வெளிறிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். பிறகு கொம்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். கணுவிலோ நுனியிலோ விரல் இடறும்படி ஒரு புடைப்பு தட்டுப்படும். காய்கள் நீளம் குறைந்து, சிறுத்து, உருண்டு போயிருக்கும். கடுமையான வகை வைரஸ் தாக்கிய மரம் இரண்டு ஆண்டில் பாதி காய்ப்பை இழக்கும். சில ஆண்டுகளில் பட்டே போகும்.

இந்தத் தண்டு வீக்க நோயை 1936இல் கானாவின் கிழக்குப் பகுதியில் கண்டார்கள். அப்போது அந்த நாட்டுக்குக் கோல்ட் கோஸ்ட் என்று பெயர். வைரஸ்தான் காரணம் என்று 1940இல் போஸ்நெட் என்ற ஆய்வாளர் காட்டினார். கோக்கோ அமெரிக்காவிலிருந்து வந்தேறிய மரம். வைரஸோ ஆப்பிரிக்க மண்ணுக்குரியது. இலவம் போன்ற காட்டு மரங்களில் சத்தமில்லாமல் இருந்தது, மாவுப்பூச்சி வழியாகக் கோக்கோவுக்கு ஏறிக்கொண்டது. நம் தலையணைக்குப் பஞ்சு தருகிற அதே இலவம்தான். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கின்றன. மேலே கூடாரமே கட்டிக் கொடுக்கின்றன. மருந்தடித்து ஒழித்துவிடலாம் என்பவர்கள் அந்தக் கூடாரத்தை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

நோய் வந்த மரத்தைக் குணமாக்க வழியில்லை. வெட்டத்தான் வேண்டும். 1940களில் தொடங்கி இன்றுவரை கானாவில் 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டியிருக்கிறார்கள். அப்படியும் நோய் ஒழியவில்லை. வைரஸ் புகுந்த மரம் சில மாதங்களுக்கு, சமயத்தில் இரண்டு ஆண்டு வரைக்கும்கூட, பார்வைக்கு நன்றாகவே நிற்கும். அதற்குள் பக்கத்து மரங்களுக்குத் தந்துவிடும். அதனால்தான் சுற்றிலும் ஒட்டி நிற்கும் நல்ல மரங்களையும் சேர்த்து வெட்டச் சொல்கிறார்கள்.

ஆனால் காய்த்துக் குலுங்குகிற மரத்தின் அடியில் அரிவாள் விழுவதை எந்த விவசாயி பார்த்துக்கொண்டிருப்பான்? 1947இல் கட்டாயமாக வெட்டினார்கள். மறு ஆண்டு அக்ராவில் கலவரம் வெடித்தபோது, அதை விசாரித்த வாட்சன் ஆணையம் மக்களின் குறைகளில் ஒன்றாக இந்த மரவெட்டையும் எழுதிவைத்தது. மக்களை அழைத்துப் பேசாமல் வெட்டியதன் விளைவு அது. அன்றிலிருந்து எத்தனையோ விவசாயிகளுக்குச் சோதனையாளர் என்றாலே அரிவாள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. வீங்கிய கொம்பை ஒடித்துப் போட்டு மறைக்கத்தான் அந்தப் பயம் கற்றுக்கொடுக்கும்.

அந்த விவசாயியின் பயம் எனக்குப் புரிகிறது. அங்கே பலர் அபுனு, அபுசா என்ற வார முறையில் பிறர் நிலத்தில் பாடுபடுகிறவர்கள். மரம் நிற்கும்வரைதான் பல இடங்களில் நிலத்தின் மேல் அவர்களுக்குப் பிடி. மரம் போனால் நிலமும் கைவிட்டுப் போகலாம். புதுக்கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அதுவரை பிள்ளைகளுக்குச் சோறு? ஆகவே அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன்: நட்டஈட்டைக் கையில் கொடுத்துவிட்டு அரிவாளை எடுங்கள். பாடுபடுகிறவனின் நில உரிமையை எழுத்தில் உறுதி செய்யுங்கள். இந்த வைரஸில் வகைகள் ஏராளம், ஒரே பி.சி.ஆர். சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது. ஆய்வுக்கூடத்தை நம்பி, தோப்பில் நடக்கிற கண்களை விலக்கிவிடாதீர்கள்.

விவசாயியிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உன் பயம் நியாயம்தான் தம்பி, ஆனால் மறைப்பது நியாயமில்லை. மாவுப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. அதன் பொடிக் குஞ்சைக் காற்றே தூக்கிக்கொண்டு போகும். நீ மறைத்த ஒரு மரத்தால் அண்டை வீட்டுக்காரனின் நூறு மரம் போகும்.

நம் பக்கத்திலும் இந்தப் பாடம் உண்டு. கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் எப்படித் தின்றது என்று கேட்டுப் பாருங்கள். நோய்க் கன்றை நல்ல கன்றென்று கைமாற்றியதும் அதில் சேர்த்தி. இப்போது பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கோக்கோ ஊடுபயிராக நிற்கிறது. கானாவின் வைரஸ் மேற்கு ஆப்பிரிக்காவோடு நிற்கிறது என்றாலும், அதன் உறவு வைரஸ் ஒன்றை இலங்கைக் கோக்கோவிலேயே அடையாளம் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துத் தடுப்புக்காப்பு மையத்தில், ஒரு நாட்டுக் கோக்கோவை இன்னொரு நாட்டுக்கு அனுப்புமுன் இரண்டு ஆண்டு வைத்துப் பார்க்கிறார்கள். பெட்டியில் ஒட்டுக்குச்சியை ஒளித்துக் கொண்டுவருகிறவர் அந்த இரண்டு ஆண்டுக் காவலை ஒரே நாளில் உடைக்கிறார். நல்ல ரகம் என்று எவ்வளவு ஆசை காட்டினாலும் அந்தக் குச்சியைத் தோப்புக்குள் விடாதீர்கள்.

அடுத்த தளிர் விடும்போது மரம் மரமாக நடந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் வழக்கமில்லாத சிவப்போ, கொம்பில் புடைப்போ கண்டால் அந்த மரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, அன்றைக்கே தோட்டக்கலை அலுவலகத்துக்கும் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.